தோல் புற்றுநோய் செல் வளர்ப்பில் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியைச் சுற்றியும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு, பொதிகை மலை மூலிகைகளின் சாற்றையோ சித்த மருந்துகளையோ தோல் புற்றுநோய் செல்களின் மேல் சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் மூன்று செல் லைன்கள், அதாவது ஒரே மூலத்திலிருந்து வந்து ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து பெருகும் செல் வகைகள். ஏ375, எஸ்கே-மெல்-28 ஆகிய இரண்டும் நிறமி செல்களில் தோன்றும் மெலனோமா வகை. ஏ431 செதிள் செல் வகை. ஆள் மாறினாலும் கோளாறுகள் மாறுவதில்லை என்பதால், கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி, செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு பிடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்து இதை எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் மூன்று காரியங்களை முதலில் செய்துவிட வேண்டும். சந்தேகத்துக்குரிய குடுவையை இறுக மூடித் தனியே வைத்து, அன்றைய வேலைகள் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கையாள வேண்டும். குறிப்பேட்டைப் புரட்டி, கோளாறு தெரிவதற்கு முந்தைய சில நாட்களில் புதிதாகத் திறந்த புட்டி எது, புதிதாக வந்த ஆள் யார், மின்சாரம் போன நேரம் எது என்று பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யக் கூடாது. செல்களுக்கு உணவாகும் திரவமான ஊடகத்தையும், அதில் கலக்கும் மாட்டின் சீரத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டால், செல்கள் தேறினாலும் எதனால் தேறின என்பது தெரியாமலே போய்விடும். இவை மனிதச் செல்கள் என்பதால், கையுறையும், வடிகட்டிய காற்று ஓடும் இரண்டாம் வகைப் பாதுகாப்புப் பெட்டியும் இல்லாமல் எந்தச் சோதனையிலும் இறங்க வேண்டாம்.

## ஊடகம் ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறியிருந்தால்

ஊடகத்தில் கலந்திருக்கும் பீனால் ரெட் சாயம் காரத்தன்மை ஏறினால் ஊதாவை நோக்கியும், அமிலத்தன்மை ஏறினால் மஞ்சளை நோக்கியும் போகும். ஊதாவாகத் தெரிந்தால் குடுவைக்குள் போதிய கார்பன் டை ஆக்சைடு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

### ஒரு குடுவை மட்டும் ஊதாவானால்

மூடியைப் பாருங்கள். வடிகட்டி இல்லாத சாதாரண மூடியை முழுக்க இறுக்கியிருந்தால் வாயு உள்ளே போகாது. கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் நிறம் திரும்பிவிடும். வடிகட்டி உள்ள மூடியாக இருந்தால், ஊடகம் தெறித்து அந்த வடிகட்டி நனைந்திருக்கிறதா என்று பார்த்து மூடியை மாற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் பாதி காலியாக நெடுநாள் கிடந்த ஊடகமும் ஊதாவாகத்தான் இருக்கும். அது தானாகச் சரியாகிவிடும் என்றாலும், அதில் குளுட்டமின் என்ற சத்து குறைந்திருக்க வாய்ப்புண்டு.

### எல்லாக் குடுவைகளும் ஊதாவானால்

செல்களை 37 டிகிரியில் வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டருக்குக் கார்பன் டை ஆக்சைடு தரும் சிலிண்டர் தீர்ந்திருக்கலாம். அழுத்தமானியை மட்டும் நம்ப வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால், திரவம் முழுவதும் தீரும்வரை முள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றுவிட்டு, பிறகு மளமளவென்று இறங்கிவிடும். 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் திரவம், வாயு என்ற வேறுபாடே இல்லாமல் போவதால், நம் ஊர்க் கோடையில் வராந்தாவில் நிற்கும் சிலிண்டரின் முள் வெயிலோடு சேர்ந்து ஏறி இறங்கும். சிலிண்டரைத் தராசில் ஏற்றி, அதன் கழுத்தில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்துப் பார்ப்பதே சரியான வழி.

சிலிண்டரில் வாயு இருந்தும் ஊதா மாறவில்லை என்றால், குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அதற்கும் அடுத்தபடியாகத்தான் இன்குபேட்டரின் உணர்கருவியைச் சந்தேகிக்க வேண்டும். பழைய இன்குபேட்டர்களில் வெப்பக் கடத்தல் முறையில் வேலை செய்யும் உணர்கருவி இருக்கும். அது உள்ளிருக்கும் ஈரப்பதத்தைப் பொறுத்துக் கணக்கிடுவதால், தண்ணீர்த் தட்டு வற்றிப்போனாலே தவறான அளவைக் காட்டும். தட்டை நிரப்பி ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகும் திரை 5 சதவீதம் என்று காட்ட, செல் இல்லாத புதிய ஊடகம் திறந்த கிண்ணத்தில் ஓர் இரவு இருந்தும் ஊதாவாகவே நின்றால், அது பொறியாளர் வந்து சரிபார்க்க வேண்டிய கட்டம். அமைப்பு எண்களை நீங்களே மாற்றிச் சமாளிக்காதீர்கள். பிறகு பொறியாளர் வரும்போது தொடக்க நிலை எது என்று யாருக்கும் தெரியாது.

## ஊடகம் மஞ்சளாக மாறியிருந்தால்

### தெளிவான மஞ்சள், செல்கள் நெருக்கம்

இது நோய் அல்ல, பசி. ஏ375 செல்கள் நல்ல நிலையில் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் இரட்டிப்பாகும். வெள்ளிக்கிழமை சற்றுத் தாராளமாக விதைத்துவிட்டு ஊருக்குப் போனால் திங்கட்கிழமை மஞ்சள்தான் காத்திருக்கும். குடுவையின் தரைப்பரப்பில் 70 முதல் 80 சதவீதம் நிரம்பியதும் செல்களைக் கழற்றிப் புதிய குடுவைகளுக்குப் பிரித்துவிட வேண்டும். விடுமுறைக்கு முன் வழக்கத்தைவிட மெலிதாக விதையுங்கள். எஸ்கே-மெல்-28 இவ்வளவு வேகமாக வளராது என்பதால், ஒன்றுக்குப் போட்ட அட்டவணையை மற்றொன்றுக்கு அப்படியே வைக்கக் கூடாது.

### தெளிவான மஞ்சள், செல்கள் குறைவு

தூளிலிருந்து ஊடகம் தயாரித்திருந்தால் சோடியம் பைகார்பனேட் சேர்க்கப்பட்டதா என்று குறிப்பேட்டில் பாருங்கள், டி.எம்.இ.எம் ஊடகத்துக்கு லிட்டருக்கு 3.7 கிராம் வேண்டும். அது சரியாக இருந்தால் இன்குபேட்டரில் வாயு அளவு மிகையாகியிருக்கலாம். இரண்டும் சரி என்றால், குடுவையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

## ஊடகம் கலங்கினால், நூலோ புள்ளியோ தெரிந்தால்

### ஒரே இரவில் கலங்கி மஞ்சளானால்

பாக்டீரியா. செல்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை உயர்ந்த பெருக்கத்தில் பார்த்தால், பொடிமணல் கொதிப்பது போன்ற அசைவு தெரியும். குடுவையைத் திறக்காமல் வெளியே கொண்டுபோய், பத்துக்கு ஒரு பங்கு பிளீச்சிங் கரைசல் ஊற்றி அரைமணி நேரம் வைத்து அப்புறப்படுத்துங்கள். பிளீச் ஊற்றியதை ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் அளவைக் கூட்டி அந்தக் குடுவையைக் காப்பாற்ற முயல வேண்டாம். உயிர் பிழைக்கும் செல்கள் இனி எந்த அளவீட்டுக்கும் உதவாது.

### நிறம் மாறாமல் உருண்டை மணிகள் சங்கிலியாகத் தெரிந்தால்

ஈஸ்ட். ஒரு மணியின் ஓரத்தில் சிறிய மொட்டு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் உறுதிப்படுத்திவிடலாம். ஊடகம் பல நாள் நிறம் மாறாமல் இருப்பதால், வெறும் கண்ணால் மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

### பஞ்சு போலவோ நூல் போலவோ மிதந்தால்

பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நம் பகுதியில் அடிக்கடி தலைகாட்டும். சுவர் ஓதம் ஏறியிருக்கும், குளிரூட்டியின் தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கும், மூலையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். அட்டைப்பெட்டி எதுவும் செல் வளர்ப்பு அறைக்குள் இருக்கக் கூடாது. பொருள் வந்ததும் வெளியிலேயே பிரித்து, ஆல்கஹால் தெளித்துத் துடைத்து உள்ளே எடுங்கள். இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டில் கிருமி நீக்கிய வாலைவடி நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினாலும் உப்பு படிந்துகொண்டேதான் போகும். வாரம் ஒருமுறை தட்டைக் கழுவி நீரை மாற்றுங்கள். வெந்நீர்த் தொட்டியும் இதே அளவு ஆபத்தானது. புட்டியின் மூடிவரை நீர் ஏறும்படி அமிழ்த்தினால், மூடியின் உள்விளிம்பில் ஏறிய அழுக்கு நீர் திறக்கும்போது ஊடகத்துக்குள் இறங்கிவிடும்.

### கருப்பாகப் பொடிகள் தெரிந்து, அவை பெருகாமல் இருந்தால்

நிறமி உண்டாக்கும் மெலனோமா செல்கள் மெலனின் மணிகளை வெளியே விடுவதுண்டு. அவை மிகச் சிறியவை என்பதால் திரவத்தில் தாமாகவே நடுங்கும். புதியவர்கள் பாக்டீரியா என்று பயந்து நல்ல குடுவையைக் கொட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் ஊடகத்தை எடுத்து, ஆன்டிபயாடிக் இல்லாத புதிய ஊடகத்தில் செல்கள் இன்றி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். பாக்டீரியா என்றால் கலங்கும். மெலனின் என்றால் அப்படியே கிடக்கும். ஏ375 நிறமியற்ற வகை என்பதால், அதில் கரும்பொடி தெரிந்தால் இந்த விளக்கம் பொருந்தாது.

### எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க

ஒரே குடுவையில் மட்டும் என்றால் கை தவறியது. ஒருவர் ஒரே நாளில் திறந்த எல்லாக் குடுவைகளிலும் என்றால் அன்று பயன்படுத்திய கரைசல். வெவ்வேறு ஆட்களின் குடுவைகளிலும் என்றால் இன்குபேட்டரோ பாதுகாப்புப் பெட்டியோ. கரைசலைச் சந்தேகித்தால் ஊடகம், சீரம், செல்களைத் தரையிலிருந்து கழற்றும் டிரிப்சின், உப்புக் கரைசல் ஒவ்வொன்றிலும் சிறிதளவு எடுத்து, செல் இல்லாமல், ஆன்டிபயாடிக் இல்லாமல் தனித்தனிக் கிண்ணங்களில் மூன்று நான்கு நாள் இன்குபேட்டரில் வையுங்கள். கலங்கிய கிண்ணம் விடையைச் சொல்லிவிடும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனாலும் பலர் இதைச் செய்யாமல் எல்லாப் புட்டிகளையும் ஒரே நாளில் கொட்டிவிட்டு, விலையுயர்ந்த சீரத்தையும் சேர்த்து இழக்கிறார்கள்.

பாதுகாப்புப் பெட்டியைப் பொறுத்தவரை, அதற்குள் ஸ்பிரிட் விளக்கை ஏற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சுடர் மேலெழுப்பும் வெப்பக்காற்று, மேலிருந்து சீராக இறங்கும் காற்றைக் குலைக்கிறது. அந்தக் காற்றைச் சுத்தப்படுத்தும் ஹெப்பா வடிகட்டிக்கும் கேடு. மின்விசிறி ஓடும் அறையில் அந்தப் பெட்டியால் பயனில்லை. புற ஊதா விளக்கின் ஒளி நேரே படாத இடங்களைச் சுத்தப்படுத்தாது என்பதால், ஆல்கஹால் துடைப்புக்கு அது மாற்றாகாது. இத்தனையும் சரியாக இருந்து, காற்று ஓடும்போது அரைமணி நேரம் திறந்து வைத்த ஊட்ட அகார்த் தட்டில் காலனிகள் முளைத்தால், வடிகட்டியைச் சோதிக்கத் தகுதியான பொறியாளரை அழையுங்கள். கோளாறு இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சோதனை தேவை.

## காலையில் பார்க்கும்போது எல்லாச் செல்களும் உருண்டு மிதந்தால்

இந்த அறிகுறி சித்திரை, வைகாசியில் திருநெல்வேலியில் வரும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது அறையின் வெப்பத்தை. பெரும்பாலான இன்குபேட்டர்களுக்குச் சூடேற்றத் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. சுற்றுப்புறம் உள்வெப்பத்தைவிட ஏறத்தாழ 5 டிகிரியாவது குறைவாக இருந்தால்தான் அவற்றால் 37 டிகிரியை நிலைநிறுத்த முடியும். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த மாலையில் குளிரூட்டியை நிறுத்திவிட்டுப் போனால், மூடிய அறையின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். இயந்திரத்தின் மோட்டாரும் விசிறியும் வெளியிடும் சூடு உள்ளேயே தேங்கி, செல்கள் 39, 40 டிகிரியில் இரவைக் கழிக்கும். காலையில் குளிரூட்டியைப் போட்டதும் திரை மறுபடி 37 என்று காட்டுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிவு செய்யும் வெப்பமானியின் முனையை, தண்ணீர் நிரப்பிய சிறு புட்டியில் அமிழ்த்தி உள்ளே ஓர் இரவு வைத்தால் உண்மை வெளிப்படும். தீர்வு, அந்த அறையின் குளிரூட்டியை இரவிலும் ஓட விடுவதே. நிர்வாகத்திடம் இதைக் கேட்டு வாங்குவது சில இடங்களில் கடினம். ஆனால் ஒரு கோடையில் இழக்கும் செல்களின் மதிப்பை எழுதிக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள்.

வெப்பம் சரியாக இருந்தால், இரவில் மின்சாரம் போய் வந்ததா என்று விசாரியுங்கள். சில இன்குபேட்டர்கள் மின்சாரம் திரும்பியதும் தாமாக ஓடத் தொடங்காது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் நிலைப்படுத்தியும் யு.பி.எஸ்ஸும் இல்லாமல் செல் வளர்ப்பைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

செல்கள் தனித்தனியாக மிதக்காமல் தோலுரிந்தது போலத் தகடாகக் கழன்று வந்திருந்தால் காரணம் வேறு. அளவுக்கு மீறி நெருங்கிவிட்டன, அல்லது குளிர்ந்த ஊடகத்தை நேரே அவற்றின் மேல் ஊற்றியிருக்கிறார்கள்.

## உறைநிலையிலிருந்து எடுத்த செல்கள் ஒட்டவில்லை என்றால்

முதலில் காத்திருங்கள். உருகிய செல்களை 24 மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். மணிக்கொரு முறை எடுத்துப் பார்ப்பதே பல குடுவைகளுக்குப் பகையாகிறது. மறுநாளும் ஒட்டவில்லை என்றால், உருக்கிய முறையை நினைவுபடுத்திப் பாருங்கள். 37 டிகிரி நீரில் ஓரிரு நிமிடங்களுக்குள், ஒரு சிறு பனித்துணுக்கு மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்திருக்க வேண்டும். ஊடகத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, உறைய வைக்கும்போது கலந்த டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானின் செறிவைக் குறைத்திருக்க வேண்டும். எஞ்சிய செல்களைப் பெரிய குடுவையில் பரப்பாமல் சிறிய குடுவையில் நெருக்கமாக விதைத்திருக்க வேண்டும். இறந்த செல்களை மட்டும் நீலமாக்கும் டிரிபான் நீலம் கலந்து எண்ணினால் எத்தனை செல்கள் உயிரோடு உள்ளன என்பது அப்போதே தெரிந்துவிடும். பாதிக்கு மேல் நீலமானால் குறை உருக்கியதிலோ, அதற்கு முன் உறைய வைத்ததிலோ, சேமித்ததிலோ இருக்கிறது. உறைய வைக்கும்போது நிமிடத்துக்கு 1 டிகிரி என்ற வேகத்தில் குளிர வேண்டும். குப்பியை நேரடியாகக் கழித்தல் 80 டிகிரிப் பெட்டியில் போட்டால் அந்த வேகம் கிடைக்காது. அந்தப் பெட்டியிலேயே மாதக்கணக்கில் விட்டுவைப்பதும் தவறு. திரவ நைட்ரஜன் கொள்கலனுக்கு மாற்றிவிட வேண்டும்.

ஒரே அடுக்கில் இருந்த எல்லாக் குப்பிகளும் ஒட்டாமல் போனால் கொள்கலனில் நைட்ரஜன் குறைந்திருக்கும். கால்நடைக் கருவூட்டலுக்கு உறைவிந்தைப் பாதுகாக்கப் பயன்படும் அதே கொள்கலன்தான் இது. அளக்கும் முறையும் ஒன்றே. நீண்ட மரக்குச்சியை அடிவரை விட்டு, சில விநாடிகள் கழித்து எடுத்துக் காற்றில் அசைத்தால், திரவம் இருந்த உயரம்வரை வெண்பனி படியும். அந்த உயரத்தை வாரம் இருமுறை கொள்கலனிலேயே எழுதி ஒட்டுங்கள். நிரப்பியும் சில நாட்களில் பாதியாகக் குறைந்தால், அல்லது வெளிச்சுவரில் வியர்வை படிந்தால், வெற்றிடக் காப்பு போய்விட்டது. அதை ஆய்வுக்கூடத்தில் சரிசெய்ய முடியாது. குப்பிகளை வேறு கொள்கலனுக்கு மாற்றிவிட்டு விற்பனையாளரை அழையுங்கள். திரவத்துக்குள் மூழ்கியிருந்த குப்பி வெளியே எடுத்ததும் வெடிக்கக்கூடும் என்பதால் முகம் முழுவதையும் மறைக்கும் ஒளிபுகும் கவசம் கட்டாயம்.

புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற களஞ்சியங்களிலிருந்து செல்கள் வளரும் நிலையில், ஊடகம் கழுத்துவரை நிரப்பிய குடுவையில் வந்தால், நீண்ட பயணத்தின் குலுக்கலில் பல செல்கள் கழன்றிருக்கும். உடனே திறந்து ஊடகத்தைக் கொட்டிவிடாதீர்கள். குடுவையின் வெளிப்புறத்தைத் துடைத்து, சில மணி நேரம் 37 டிகிரியில் நிமிர்த்தாமல் படுக்கவைத்து, பிறகு மிதப்பவற்றை மையவிலக்குக் கருவியில் சுழற்றிச் சேகரித்துத் தனிக் குடுவையில் விதையுங்கள். மறுநாளும் எதுவும் ஒட்டவில்லை என்றால் படமெடுத்து அனுப்பியவர்களுக்குத் தெரிவியுங்கள். தாமதித்தால் முறையீடு எடுபடாது.

இவை எதுவும் இல்லாமல், வழக்கமாகப் பிரித்து விதைத்த செல்களே ஒட்டவில்லை என்றால், கையில் உள்ளது செல் வளர்ப்புக்கெனப் பதப்படுத்திய கிண்ணம்தானா என்று உறையைப் பாருங்கள். பாக்டீரியா வளர்க்கும் சாதாரணப் பெட்ரிக் கிண்ணமும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும்.

## டிரிப்சினில் கழலவில்லை, அல்லது கட்டியாகக் கழல்கிறது என்றால்

ஏ431 செல்கள் ஒன்றோடொன்று இறுகிப் பாத்தி பாத்தியாக வளரும். ஏ375 இரண்டு மூன்று நிமிடங்களில் கழன்றுவிடும்போது அவற்றுக்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் குடுவையைத் தட்டினால் கட்டிகளாகத்தான் வரும். சீரத்தின் எச்சம் டிரிப்சினை முடக்கிவிடும் என்பதால், கால்சியம், மக்னீசியம் இல்லாத உப்புக் கரைசலால் இருமுறை கழுவுங்கள். டிரிப்சினை வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் விட்டால் அது தன்னையே செரித்து வலுவிழந்துவிடும். சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைத்து, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள்.

## நோயாளியின் திசுவிலிருந்து வளர்க்கும்போது நீண்ட செல்கள் மூடிக்கொண்டால்

அவை நார்த்திசுச் செல்கள். புற்றுச் செல்களைவிட வேகமாகப் பரவும். செதிள் செல் புற்றானால் டிரிப்சினைச் சிறிது நேரம் மட்டும் வைத்து முதலில் கழலும் நார்த்திசுச் செல்களை அகற்றலாம். முழுவதும் நீங்குவது அரிது. தோலில் இயல்பாகவே கிருமிகள் குடியிருப்பதால் இந்த வேலையில் மாசும் அதிகம். நோயாளியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லாமல் திசுவைத் தொடக்கூடாது என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன.

## வளர்ச்சி மந்தம், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால்

இந்த அறிகுறியில்தான் அதிகப் பொறுமை தேவை. ஊடகம் தெளிவாக இருக்கும், நிறமும் சரியாக இருக்கும். ஆனால் மூன்று நாளில் நிரம்ப வேண்டிய குடுவை ஒரு வாரமாகியும் நிரம்பாது. செல்களின் உடல் மணிமணியாகத் தெரியும்.

முதலில் எளியவற்றைக் கழித்துவிடுங்கள். ஊடகத்தின் தேதியைப் பாருங்கள். குளுட்டமின் கரைசலில் நாளடைவில் சிதைந்து அம்மோனியாவை விடும் என்பதால், பழைய புட்டி இரட்டைக் கேடு. சீரத்தின் தொகுதி எண் மாறியிருந்தால், பழைய தொகுதியில் மிச்சமிருப்பதை வைத்து இரண்டையும் அருகருகே ஒப்பிடுங்கள். மிக மெலிதாக விதைத்திருந்தாலும் மந்தமாகும். எத்தனையாவது முறை பிரித்த செல்கள் என்ற எண்ணைப் பாருங்கள்; அது மிக உயர்ந்திருந்தால், தொடக்கத்தில் உறைய வைத்த குப்பியிலிருந்து புதிதாகத் தொடங்குவதே நல்லது.

இவை எல்லாம் சரி என்றால் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா வகையைச் சந்தேகியுங்கள். அதற்குச் செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் அதைத் தொடாது, 0.22 மைக்ரான் வடிகட்டியின் வழியாகவும் நழுவிப் போகும். சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. ஊடகத்தைக் கலங்கச் செய்யாது. எப்போதும் ஆன்டிபயாடிக் கலந்தே செல் வளர்க்கும் பழக்கம் ஏன் தீங்கானது என்றால், அது கை தவறுவதால் நுழையும் பாக்டீரியாவை அடக்கிவைத்து, அதே தவறால் நுழையும் மைக்கோபிளாஸ்மாவை மட்டும் நிம்மதியாக வாழவிடுகிறது. மனிதரின் வாயிலிருந்தும், மாட்டின் சீரத்திலிருந்தும், பன்றியிலிருந்து எடுக்கும் டிரிப்சினிலிருந்தும் வெவ்வேறு இனங்கள் வந்து சேரலாம். பாதுகாப்புப் பெட்டியின் முன் பேசிக்கொண்டே வேலை செய்வதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

சோதனைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஆன்டிபயாடிக் இல்லாமல் சில நாள் வளர்த்த செல்களுக்கு, டி.என்.ஏவை ஒளிரச் செய்யும் டாப்பி சாயமிட்டு ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால், தூய செல்களில் உட்கரு மட்டும் ஒளிரும். மாசுற்றவற்றில் உட்கருவுக்கு வெளியே, செல்லின் உடலெங்கும் பொடிப்புள்ளிகள் ஒளிரும். டி.என்.ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர் முறை இன்னும் நுட்பமானது. ஆனால் கருநிறமுள்ள மெலனோமா செல்களில் மெலனின் பி.சி.ஆர் வினையைத் தடுக்கும். எனவே, வினை நடந்ததை உறுதிசெய்யும் கட்டுப்பாட்டு மாதிரி இல்லாமல் வரும் ‘இல்லை’ என்ற முடிவை ஏற்கக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் இந்த வசதி இல்லையென்றால் வெளியே சோதனைக்கு அனுப்புங்கள். இந்தச் செலவைத் தள்ளிப்போடுவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது செய்தாக வேண்டும்.

‘உண்டு’ என்று வந்தால் அந்தச் செல்களையே கொன்று அப்புறப்படுத்திவிடுங்கள். மைக்கோபிளாஸ்மாவை நீக்கும் மருந்துகள் கிடைக்கின்றன, ஆனால் வாரக்கணக்கில் அந்த மருந்தைத் தாங்கிப் பிழைக்கும் செல்கள் முன்பிருந்த செல்களாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. வேறெங்கும் கிடைக்காத, ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த செல்களுக்கு மட்டுமே அந்த முயற்சி தகும். களஞ்சியத்தில் கேட்டால் மறுபடி கிடைக்கும் ஏ375க்காக இன்குபேட்டரில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பணயம் வைக்க வேண்டாம். புதிதாக வரும் எந்தச் செல்லையும், பக்கத்துக் கல்லூரி நண்பர் கொடுத்ததானாலும், சோதனை முடிவு வரும்வரை தனி இன்குபேட்டரில் வையுங்கள்.

## செல்களின் உருவமோ வேகமோ மாறிவிட்டது என்றால்

நெருக்கம் மாறினால் உருவமும் மாறும் என்பதால், அதே நெருக்கத்தில் எடுத்த பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். மெலனோமா செல்கள் கருமையிழந்து வெளுத்திருந்தால் ஊடகம் மாறியதா என்று பாருங்கள். மெலனின் உருவாக டைரோசின் என்ற அமினோ அமிலம் தேவை, ஆர்.பி.எம்.ஐ 1640 ஊடகத்தில் அது டி.எம்.இ.எம்மைவிடக் குறைவு.

இவற்றால் விளங்காத மாற்றம் என்றால், வேறு செல் லைன் கலந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு செல் லைன்களை ஒன்றாகத் திறந்து, ஒரே ஊடகப் புட்டியைப் பகிர்ந்தால், வேகமாக வளர்வது சில வாரங்களில் மற்றதை விழுங்கிவிடும். 1951ஆம் ஆண்டு ஹென்ரியெட்டா லாக்ஸின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்கள் பல ஆய்வுக்கூடங்களில் இப்படிப் புகுந்திருந்ததை ஸ்டான்லி கார்ட்லர் 1966இல் எடுத்துக்காட்டினார். தோல் புற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு: மார்பகப் புற்றுச் செல்கள் என்று நெடுங்காலம் நம்பிப் பயன்படுத்தப்பட்ட எம்.டி.ஏ-எம்.பி-435 உண்மையில் எம்14 என்ற மெலனோமா செல் லைன் என்று பின்னர் தெரியவந்தது.

எஸ்.டி.ஆர் எனப்படும் மரபணு அடையாளச் சோதனைதான் இதற்கு விடை. அதை வெளி ஆய்வகத்தில்தான் செய்ய முடியும். களஞ்சியத்தின் பதிவோடு 80 சதவீதமோ அதற்கு மேலோ பொருந்தினால் அதே செல் லைன் என்று கொள்ளலாம். பொருந்தவில்லை என்றால் அந்தச் செல்களில் இதுவரை எடுத்த அளவீடுகளையும் சேர்த்துத்தான் தள்ள வேண்டும். ஒரு மாணவரிடம் இதைச் சொல்வது எவ்வளவு வேதனை என்பது எனக்குத் தெரியும்; ஆயினும் சொல்லியே ஆக வேண்டும்.

## செல்கள் நலம், எம்.டி.டி அளவீடு மட்டும் முன்னுக்குப் பின் முரண் என்றால்

### ஓரக் குழிகள் மட்டும் மாறுபட்டால்

எம்.டி.டி என்பது உயிருள்ள செல்களின் அளவை நிறமாற்றத்தால் காட்டும் சோதனை. அதை நடத்தும் 96 குழித் தட்டின் ஓரக் குழிகளில் நீர் ஆவியாவது அதிகம். அவற்றில் உப்புக் கரைசலை மட்டும் நிரப்பி, உள்குழிகளில் சோதனையை நடத்துங்கள்.

### சாற்றின் அளவு கூடக் கூட செல்கள் பெருகுவதாகத் தெரிந்தால்

உயிருள்ள செல்கள் எம்.டி.டியை ஊதா நிற பார்மசானாக மாற்றுகின்றன என்பதே இந்தச் சோதனையின் அடிப்படை. ஆனால் மூலிகைச் சாற்றிலுள்ள பாலிபீனால்கள் செல்லே இல்லாமலும் அந்த மாற்றத்தைச் செய்யக்கூடியவை. செல் இல்லாத குழியில் சாறு, ஊடகம், எம்.டி.டி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஊதா தோன்றினால் இதுவரை எடுத்த எண்கள் பொய். எம்.டி.டி சேர்க்கும் முன் சாற்றை முழுவதும் எடுத்துக் கழுவுவது ஓரளவு உதவும். சாற்றின் சொந்த நிறமும், கருநிறச் செல்களின் மெலனினும் 570 நானோமீட்டர் அளவீட்டில் சேர்ந்துவிடும் என்பதால், எம்.டி.டி சேர்க்காத குழிகளின் அளவையும் எடுத்துக் கழிக்க வேண்டும்.

### சாறு செல்களை உடனடியாகக் கொன்றுவிட்டால்

மகிழ்வதற்கு முன் மூன்றைப் பாருங்கள். சாறு சேர்த்ததும் ஊடகம் மஞ்சளானால், கொன்றது அமிலமாக இருக்கலாம். குழியின் அடியில் படிவு தெரிந்தால் சாறு கரையவே இல்லை. கரைப்பானாகச் சேர்த்த டி.எம்.எஸ்.ஓ குழியில் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அதுவே செல்களைத் துன்புறுத்தும். அதே அளவு டி.எம்.எஸ்.ஓ மட்டும் சேர்த்த குழிகள் இல்லாத சோதனை முழுமையற்றது. புற்றல்லாத தோல் செல்லான ஹாகேட்டையும் அருகில் வைத்துச் சோதித்தால்தான், சாறு புற்றுச் செல்லைத் தேர்ந்து தாக்குகிறதா, எதிர்ப்பட்ட செல்லையெல்லாம் கொல்கிறதா என்பது தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் எண்கள் ஒத்துவரவில்லை என்றால், அதே தட்டை வேறொரு அளவுமானியில் படித்துப் பாருங்கள். இரண்டிலும் எண்கள் வேறுபட்டால் விளக்கையும் வடிகட்டியையும் சோதிக்கப் பொறியாளர் வேண்டும். இரண்டிலும் ஒரே முரண் தெரிந்தால், டிரிபான் நீலத்தால் எண்ணுதல், கிரிஸ்டல் வயலட் சாயமிடுதல் போன்ற வேறொரு முறையில் அதே செறிவுகளைச் சோதித்துவிட்டு, சாற்றின் ஒரு பங்கை வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அவர்கள் களஞ்சியத்திலிருந்து தாங்களே வாங்கிய செல்களில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆய்வேட்டில் எண்ணை எழுதுவது அந்த முடிவு வந்த பிறகு இருக்கட்டும்.